கேஸ் பெட்டியில் சிகரெட்

எங்கள் கப்பலில் கேப்டன் என் அக்கா. சீஃப் இன்ஜினியர் அக்காவின் வீட்டுக்காரர். எலக்ட்ரிஷியன் நான். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "ஓ, குடும்பக் கப்பலா?" என்பார்கள். வரட்டும். மூன்று பேரும் தனித்தனியாகப் பரீட்சை எழுதி, தனித்தனியாகத் திட்டு வாங்கித்தான் அங்கே போய்ச் சேர்ந்தோம். ஒரே கப்பலில் மாட்டிவிட்டது கம்பெனி செய்த குசும்பு.

கப்பல் என்றதும் ஏழு கடல் சுற்றுகிற சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கார், லாரி, பைக், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் மனிதர்கள் என்று எல்லாவற்றையும் இந்தக் கரையில் ஏற்றி அந்தக் கரையில் இறக்கிவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். வீடு துறைமுகத்துக்குப் பின்தெருவில், கம்பெனிக் குடியிருப்பில். அக்காவும் அத்தானும் மாடியில். நேர் கீழே நான். அவர்கள் நாற்காலியை இழுத்தால் எனக்குக் கேட்கும். சண்டை போட்டால் தெருவுக்கே கேட்கும்.

கப்பலில் கால் வைத்துவிட்டால் இருவரும் வேறு ஆட்கள். அக்கா அவரை "சீஃப்" என்பாள், அவர் "சொல்லுங்க கேப்டன்" என்பார். வீட்டுப் படி ஏறும்போதுதான் அது "ஏங்க" ஆகவும் "என்னடி" ஆகவும் மாறும். ஒரு தடவைகூட இடம் மாறி வந்ததில்லை. போசன், அதாவது மேல்தளத்து ஆட்களை மேய்ப்பவர், இதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பாவம், ஏமாந்துதான் போனார்.

அத்தானுக்கு இன்ஜின் ரூம்தான் உலகம். மெயின் இன்ஜினை "பெரியவன்" என்பார். ஜெனரேட்டர்கள் இரண்டும் "பசங்க". காலையில் இறங்கியதும் பெரியவனின் மேல்மூடியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. ஒரு பேரிங் சூடாவதைத் தெர்மாமீட்டர் சொல்வதற்கு முன்னால் அவர் உள்ளங்கை சொல்லிவிடும். நல்ல மனிதர். ஒரே ஒரு பீடை, சிகரெட்.

போன வருஷம் இன்ஜின் ரூம் ஏணியில் ஏறும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயக் குழாயில் சின்ன ஸ்பிரிங் மாதிரி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். "இனிமே ஒரு சிகரெட் குடிச்சாலும் நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் கைகழுவினார்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரிச் சாப்பாட்டின்போது, என்னைச் சாட்சிக்கு உட்கார வைத்துக்கொண்டு, அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"இங்க பாருங்க. இனிமே உங்க கையில ஒரு சிகரெட்டைப் பார்த்தேன்னா வீட்டுல சண்டை போட மாட்டேன். அழ மாட்டேன். கேப்டனா கையெழுத்துப் போடுவேன். மறுநாள் வேற சீஃப் வந்து இறங்குவாரு. நீங்க இந்த ஜன்னல்ல உக்காந்து கப்பல் போறதையும் வர்றதையும் பார்த்துக்கிட்டு இருக்கலாம்."

அத்தான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை. பெரியவன்கிட்ட இருந்து பிரிக்கிறேன்னு சொல்றாளே, இவ மனுஷியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அக்கா அடிக்க வேண்டிய இடத்தில்தான் அடித்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் சொன்னால் செய்வாள். அவருக்கும் அது தெரியும்.

மறுநாள் எல்லார் முன்னிலையிலும் லைட்டரைக் கடலில் வீசினார். போசன் கைதட்டினார். சமையல்காரர் சாயங்காலம் எல்லாருக்கும் பஜ்ஜி போட்டார். அந்தப் பஜ்ஜி வாய்க்குள் போவதற்குள் அத்தான் அடுத்த லைட்டரை வாங்கியிருந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் கண்ணாமூச்சி. அத்தான் ஒளிப்பார், அக்கா கண்டுபிடிக்க ஆள் வைப்பாள். கப்பலில் இருந்த அத்தனை பேரும் ஒற்றர்கள். ஃபில்டர் அட்டைப்பெட்டியில் ஒன்று அகப்பட்டது. மழைக்கோட்டின் உள்பையில் ஒன்று. அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்ததைச் சமையல்காரரே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எல்லாம் பிரிக்காத பாக்கெட்டுகள், கையில் பிடித்தது இல்லை. அதனால் அக்கா கையெழுத்துப் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அத்தான் முகத்தில் ஈயாடாது. ரெண்டு நாளைக்குப் பெரியவனைத் தடவிக்கொண்டே இருப்பார்.

திடீரென்று எதுவும் அகப்படாமல் போயிற்று. வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. அத்தான் முகத்தில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் ஒரு திருப்தி. அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. என்னைப் பிரிட்ஜுக்குக் கூப்பிட்டாள். பிரிட்ஜ் என்றால் கேப்டன் நின்று கப்பலை ஓட்டும் மேலறை.

"எங்கடா வச்சிருக்காரு?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உனக்குத் தெரியாம அந்த மனுஷன் ஒரு நட்டைக்கூட கழட்ட மாட்டாரு. ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டை."

நிஜமாகவே எனக்குத் தெரியாது. நான் சொன்னதை அவள் நம்பவும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதில் எனக்கு என்றுமே பொறுமை கிடையாது.

இங்கே அந்தக் கேஸ் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஜின் ரூமில் பெரிய தீ பிடித்தால் வாளித் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. எல்லாரும் வெளியே வந்து, கதவையெல்லாம் அடைத்து, உள்ளே கார்பன் டை ஆக்சைடைத் திறந்துவிட வேண்டும். காற்றுக் கிடைக்காமல் தீ செத்துப்போகும். உள்ளே மனிதன் மாட்டியிருந்தால் அவனும் செத்துப்போவான். அந்தக் கேஸைத் திறக்கும் கைப்பிடிகள், கார்கள் நிற்கும் தளத்தில், இன்ஜின் ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டிக் கதவின் மூலையில் விரல்நுனி அளவுக்கு ஒரு பொத்தான். கதவு மூடியிருக்கும்வரை அது அழுந்தியிருக்கும். கதவைத் திறந்தால் பொத்தான் வெளியே வரும். உடனே கீழே சைரன் அலறும், சிவப்பு விளக்கு சுழலும், காற்று உள்ளே தள்ளும் ஃபேன்களெல்லாம் நின்றுவிடும். கைப்பிடியை இழுப்பதற்கு முன்னாலேயே கீழே இருப்பவனுக்கு 'ஓடி வா' என்று சொல்லும் ஏற்பாடு அது. ஆட்கள் எல்லாரும் மேலே வந்து, கேப்டன் தலையெண்ணி முடித்த பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும். கைப்பிடி இழுபட்டாலும் அதே சைரன் தனியாக அடிக்கும், அதன் பிறகும் கேஸ் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் ஒருவன் தப்பலாம்.

இந்த மாதிரி அலாரங்களை மாதத்துக்கு ஒரு தடவை சோதிப்பது என் வேலை. அந்த மாதம் நான் சாவியை எடுத்தபோது அத்தான் குறுக்கே வந்தார்.

"கேஸ் பெட்டியை நான் பார்த்துட்டேன் மச்சான். நல்லாத்தான் இருக்கு. நீ போய் டெக்குல அந்த லைட்டைப் பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மின்கம்பி ஓடும் எதையும் கையால் தொடமாட்டேன் என்பது அத்தானின் கொள்கை. வீட்டில் பல்பு மாற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அவர் போய் ஸ்விட்சைச் சோதித்தாராம். அதுவும் சைரன் அடிக்காமல், ஃபேன் நிற்காமல், கப்பலில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல்.

மறுநாள் காலை, அவர் கீழே பெரியவனோடு கொஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் சிவப்புப் பெட்டியைத் திறந்தேன். சைரன் அடிக்கவில்லை. பொத்தானின் மேல் கறுப்பு டேப் இழுத்து ஒட்டியிருந்தது. அதுவும் என் டேப். என் பெட்டியிலிருந்து சுட்டது. கைப்பிடிகளுக்குப் பின்னால், ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டு, பாதி காலியான சிகரெட் பாக்கெட்டும் லைட்டரும். தீயணைக்கும் பெட்டிக்குள்!

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒளித்த இடத்துக்கு ஒரு பரிசே கொடுக்கலாம். கப்பலில் யாருமே தொடப் பயப்படும் பெட்டி அது. அடுத்த நிமிஷம் கோபம் கிளம்பியது. சிகரெட் குடிப்பதும் குடிக்காததும் அவர்கள் குடும்பப் பஞ்சாயத்து. அந்தப் பொத்தான் அப்படி இல்லை. ஃபிட்டர், இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர், ஏன் அத்தானே கீழே இருக்கும்போது அவர்கள் ஓடி வர வேண்டிய சத்தத்தை ஒரு துண்டு டேப்பால் வாய் பொத்தி வைத்திருக்கிறார் இந்த மனிதர்.

அக்காவிடம் சொல்லலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் கையெழுத்து விழும், அத்தான் ஜன்னலுக்குப் போய்விடுவார். அந்த மனிதரை ஜன்னலில் நினைத்துப் பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லாமல் டேப்பைப் பிய்த்துப் போட்டால் நாளைக்கே வேறு டேப் ஒட்டுவார். அப்போதுதான் எனக்கு அந்தக் குறும்பு தோன்றியது. டேப்பை மட்டும் எடுத்துவிட வேண்டும். சிகரெட்டை அப்படியே விட்டுவிட வேண்டும். பாக்கியை அவர் கையே செய்துகொள்ளட்டும்.

டேப்பை எடுப்பது சொல்வதுபோல எளிதல்ல. எடுத்த மறுநொடி பொத்தான் வெளியே துள்ளிக் கப்பலையே எழுப்பிவிடும். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் டேப்பை உரித்து, விரலுக்குப் பதிலாக இரும்பு ஸ்கேலைச் செருகி, கதவை மெல்ல ஸ்கேலின் மேலேயே சாத்தி, கடைசியில் இடுக்கு வழியாக ஸ்கேலை உருவினேன். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. சத்தம் இல்லை. பெட்டி மூடிக்கொண்டது. முறைப்படி பார்த்தால் உடனே ஒரு தடவை திறந்து சைரன் அடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்ய மத்தியானம் ஒரு பெரிய மனிதர் வருவார் என்று விட்டுவிட்டேன்.

எதிர்க்கரையில் மத்தியானம் நீண்ட நேரம் நிற்போம். வண்டிகளெல்லாம் இறங்கிப் போய், தளம் காலியாகக் கிடக்கும். சாப்பாட்டு அறை ஜன்னலில் டீயோடு உட்கார்ந்தேன். அங்கிருந்து சிவப்புப் பெட்டி நன்றாகத் தெரியும். அத்தான் வந்தார். வாயில் ஒரு பல்குச்சி. யாரோ கழற்றிப் போட்ட சங்கிலியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் போசன் என் தோளைத் தட்டி, வண்டிகள் ஏறி இறங்கும் சாய்தளத்து விளக்கு மினுக்குகிறது, எப்போது வந்து பார்ப்பாய் என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத் திரும்பினேன்.

சைரன் அடித்தது.

அடேயப்பா, அதைக் காலி தளத்தில் கேட்க வேண்டும். இரும்புச் சுவரெல்லாம் சேர்ந்து கத்துவது போல இருக்கும். கீழே ஃபேன்கள் ஒவ்வொன்றாக இரைச்சல் அடங்கி நின்றன. நான் எழுந்து, சைரன் அடித்தால் எல்லாரும் வந்து கூட வேண்டிய இடத்துக்குச் சாவகாசமாக நடந்தேன். நடக்கும்போதே, அத்தான் எந்த மூலையில் போய் ஒளிவார், அக்காவிடம் என்ன கதை விடுவார் என்று யோசித்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். பெட்டிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. அத்தானைக் காணோம்.

அக்கா பிரிட்ஜிலிருந்து இறங்கி ஓடி வந்தாள், கையில் ஒலிபெருக்கி மைக் இணைந்த வாக்கிடாக்கி. சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடவில்லை. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவள் விரலை நீட்டி எண்ணினாள். போசன். தளத்து ஆட்கள். ஃபிட்டர். நான்.

"சீஃப் எங்க?"

கயிற்று அறையில் ஒளிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரிப்பை மென்று விழுங்கினேன்.

"சீஃப் இன்ஜினியர், உடனே கார் டெக்குக்கு வரணும்." அவள் குரல் கப்பல் முழுக்க ஒலித்தது. பதில் இல்லை. "சீஃப் இன்ஜினியர்... சீஃப்..." மறுபடியும் பதில் இல்லை.

அந்த நேரம் பின்பக்க ஏணி வழியாக ஆயிலர் வந்து சேர்ந்தான். ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பதால் எல்லாரும் அவனை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவோம். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"மேடம், சைரன் கேட்டதும் நான் பின்னாடி ஏணியில ஏறிட்டேன். சீஃப் முன்னாடி ஏணியில கீழ இறங்குறாரு. என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே போறாரு. நான் பதிலுக்குக் கத்தினேன், சைரன்ல அவருக்குக் கேக்கல."

என் சிரிப்பு அந்த இடத்திலேயே செத்தது. நடந்தது என்னவென்று மண்டைக்குள் பளிச்சென்று புரிந்துவிட்டது. அத்தான் பெட்டியைத் திறந்து சிகரெட்டுக்குக் கையை விட்டிருக்கிறார். சைரன் அடித்திருக்கிறது. கதவைத் திறந்ததால் அடித்தது என்று வேறு யாராக இருந்தாலும் நினைப்பார்கள். அவரால் அப்படி நினைக்க முடியாது. பொத்தானைக் கட்டி வைத்தவரே அவர்தானே! கட்டின பொத்தான் அடிக்காது. அப்படியானால் கை பட்டுக் கைப்பிடி இழுபட்டுவிட்டது, நிஜமாகவே கேஸ் வரப் போகிறது, கீழே ஒட்டடைக்குச்சி இருக்கிறான். அவருக்கு வேறு எந்தக் கணக்கும் வந்திருக்காது. இதயத்தில் ஸ்பிரிங் வைத்த மனிதர், எந்த ஏணியில் போன வருஷம் உட்கார்ந்தாரோ அதே ஏணியில் தலைதெறிக்க இறங்கியிருக்கிறார்.

அக்கா மைக்கை வாயருகே வைத்தாள். "ஏங்க..." என்றாள். கப்பலின் ஒவ்வொரு மூலையிலும் அது கேட்டது. "ஏங்க, எங்க இருக்கீங்க? மேல வந்துடுங்க."

போசன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, கேஸ் வராது!" என்று கத்தினேன். "கதவு ஸ்விட்சுதான் அடிச்சுது. அவரு டேப் ஒட்டியிருந்தாரு. நான் எடுத்துட்டேன். அவருக்குத் தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லிக் காட்ட முடியாது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாள். கைப்பிடிகள் இருந்த இடத்திலேயே இருந்தன, எதுவும் இழுபடவில்லை. கதவைப் படாரென்று அறைந்து சாத்தினாள். சைரன் நின்றது. அந்த அமைதியில், கீழே எங்கேயோ ஆழத்தில், "ஒட்டடைக்குச்சீ...! டேய்! எங்கடா இருக்க?" என்று ஒரு குரல் கேட்டது. அப்புறம் இருமல். அப்புறம் எதுவும் இல்லை.

நான் இன்ஜின் ரூம் கதவைத் திறந்து இறங்கக் காலை வைத்தேன். அக்கா என்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். நாங்கள் முதல் ஏணியைத் தாண்டுவதற்குள் மேலே தளத்தில் ஒரு சத்தம். திரும்ப ஓடி வந்தோம். இன்ஜின் ரூம் அடியிலிருந்து நேராக மேலே ஏறித் தப்பிக்கும் குழாய்வழியின் வட்ட மூடி அங்கே உயர்ந்தது. அதிலிருந்து அத்தானின் வழுக்கைத் தலை வெளியே வந்தது. கன்னம் இரண்டும் பூரி போல உப்பியிருந்தன, முகம் நாவல்பழ நிறம். கேஸை உள்ளே இழுத்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே ஏறியிருக்கிறார். வரிசையில் நின்ற ஒட்டடைக்குச்சியைப் பார்த்தார். பிடித்திருந்த மூச்சு புஸ்ஸென்று போயிற்று.

"இங்கயாடா நிக்கிற, படுபாவி? பம்புக்குப் பின்னாடி, டேங்குக்கு அடியில, ஒரு இடம் விடாம தேடிட்டு வர்றேன்..."

அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார். அக்கா முட்டி போட்டு அவர் நெஞ்சில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அவளுக்கும்தான். எனக்கும் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் எல்லாரும் அதைப் பார்த்தோம். அவர் வலது கை முஷ்டிக்குள் நசுங்கிப் போய் அந்தப் பாக்கெட். ஏணி இறங்கி, ஆளைத் தேடி, குழாய்வழியில் ஏறி வந்த வழி முழுக்க அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் கையைத் திறந்து பார்த்தார், எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர் போல. "ஸ்விட்சைக் கட்டினது நான்தான்" என்றார் மெல்ல. "அது அடிக்காதுன்னு தெரியும்ல. அதான் நிஜம்னு நினைச்சேன். கையெழுத்துப் போட்டுடு. போட வேண்டியதுதான்."

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன, எல்லாரும் இங்க கூடி நிக்கிறீங்க? சாப்பாடு ஆறுது."

சமையல்காரர். கையில் ஒரு முட்டைக்கோஸ். கதவு கனமான குளிர் அறைக்குள் காய்கறி அடுக்கிக்கொண்டிருந்தவருக்குச் சைரனும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நேரமும் அவர் வரிசையில் இல்லை. அவர் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் எண்ண வேண்டுமோ அவளுக்கே தோன்றவில்லை.

அக்கா எழுந்து நின்று முட்டைக்கோஸையே பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "வண்டி ஏத்துற நேரமாச்சு. போங்க எல்லாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிரிட்ஜுக்கு ஏறினாள்.

சாயங்காலம் மாடியில் சண்டை வரும் என்று நான் கீழே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பொறுக்க மாட்டாமல் ஏறிப் போனேன். அத்தான் தண்டனைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஆபீஸுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். டேப் ஒட்டினது, தெரிஞ்சும் சொல்லாம எடுத்தது, ரெண்டையும். ரெண்டு பேருக்கும் எச்சரிக்கை வரும். வாங்கிக்கோங்க. இனிமே தினமும் காலையில போசன் கண்ணு முன்னாடி நீங்க அந்தப் பெட்டியைத் திறந்து சைரன் அடிக்கணும். தம்பி, நீ குளிர் அறைக்குள்ள ஒரு மணியும் விளக்கும் போடணும்."

"நான் இறங்கலையா அப்போ?" என்று கேட்டார் அத்தான்.

"கேஸ் வருதுன்னு நம்பிக்கிட்டே ஆளைத் தேடி உள்ள ஓடின சீஃபை இறக்கிட்டு, வேற யாரைக் கொண்டுவர்றது? நான் இறங்குறேன். நம்ம கம்பெனியோட இன்னொரு ஃபெரி எதிர்ல ஓடுதுல்ல, அந்தக் கேப்டனும் நானும் மாத்திக்கிறோம். பேசி முடிச்சாச்சு."

அத்தான் எழுந்துவிட்டார். "என்னடி சொல்ற? நீ எதுக்குப் போகணும்?"

"எண்ணும்போது நீங்க இல்லைன்னதும் நான் எண்ணுறதை நிறுத்திட்டேங்க." பால் பொங்கி வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை, நான்தான் போய் அடுப்பை அணைத்தேன். "சமையல்காரர் உள்ள இருந்தாரு. அவருக்கும் வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கா. எனக்கு உங்க முகத்தைத் தவிர வேற முகமே தெரியல. இன்னைக்கு நிஜத் தீயா இருந்து, நீங்க மேல வந்து நின்னிருந்தா, அவரை உள்ள வச்சு நான் கேஸைத் திறந்திருப்பேன். அப்படி ஒருத்தி உங்களோட ஒரே கப்பல்ல கேப்டனா இருக்கக் கூடாது."

"என்னை ஜன்னல்ல உக்கார வச்சுடு" என்றார் அத்தான். நான் என் காதையே நம்பவில்லை. "பெரியவனை எவன் வேணா பார்த்துக்கட்டும். நீ போகாத."

அக்கா டம்ளரில் பாலை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவள் சொன்னால் செய்வாள்.

புதுக் கேப்டன் சாதுவான மனிதர். எந்நேரமும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பார். யார் சிகரெட் குடிக்கிறார்கள், யார் குடிக்கவில்லை என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. ஒற்றர் படை கலைந்துவிட்டது. அத்தான் நினைத்தால் பிரிட்ஜ் வாசலிலேயே நின்று ஊதலாம். ஊதவில்லை. அவருக்கு அந்த மாற்றம் தாங்கவில்லை என்பது கப்பலுக்கே தெரிந்தது. வீட்டில்தான் தினமும் பார்க்கிறீர்களே என்று போசன் கிண்டல் செய்தால், "வீட்டுல பார்க்கிறது என் பொண்டாட்டியைத்தான்யா, கேப்டனை எங்க பார்க்கிறது?" என்பார்.

இரண்டு கப்பல்களும் தண்ணீரின் நடுவில் ஒன்றையொன்று கடக்கும். அந்த நேரம் வந்தால் அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிடுவார். கம்பியோரம் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். பிறகு பேண்ட் பாக்கெட்டுகளை வெளியே இழுத்து, காலி என்று தொங்கவிடுவார். எதிர்க்கப்பலின் பிரிட்ஜில் அக்கா பைனாகுலரோடு நிற்பாள். திருப்தியானால் ஒரு ஹாரன். பயணிகள் வேடிக்கை பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் தங்கள் பாக்கெட்டையும் இழுத்துக் காட்டுவார்கள்.

ஒரு நாள் நல்ல மூடுபனி. கப்பலின் மூக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே அவர்கள் கப்பல் எங்கோ வெள்ளைக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பது ஹாரனை வைத்துத்தான் தெரிந்தது. அத்தான் வழக்கம்போல மேலே வந்து, உள்ளங்கைகளை விரித்து, பாக்கெட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பனியைப் பார்த்து நின்றார்.

"அத்தான், அக்காவுக்கு நம்ம கப்பலே தெரியாது. யாருக்குக் காட்டுறீங்க?"

"உங்க அக்காவை நம்ப முடியாது மச்சான்" என்றார் கையைக் கீழே போடாமல். "ராடார்ல பார்த்தாலும் பார்ப்பா."

ஹாரன் சத்தம் மறுபக்கம் தேய்ந்து மறையும்வரை அவர் கீழே இறங்கவில்லை.